மூச்சில் போகும் தூசி

ஆஸ்பெஸ்டாஸ் கூரையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைக் கல்நார் கலந்து செய்கிறார்கள். கல்நார்த் தூசி மூச்சோடு போய் நெஞ்சில் தங்கிவிடும். உடனே ஒன்றும் தெரியாது. பல வருடம் கழித்துத்தான் மூச்சு வாங்கும். சிலருக்குப் புற்றுநோயும் வரும். அதற்குள் தொழிலாளி வேலையை விட்டிருப்பார். பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

குஜராத்தில் உள்ள ஒரு நுகர்வோர் அமைப்பு இதற்காக வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்புச் சொன்னது. நம் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு உயிர் வாழும் உரிமையைத் தருகிறது. தொழிலாளியின் உடல்நலமும் அந்த உரிமையில் அடங்கும் என்றது நீதிமன்றம். வேலையில் இருக்கும்போது மட்டுமல்ல, ஓய்வு பெற்ற பிறகும்தான்!

கல்நார் ஆலைகளுக்கு ஓர் உத்தரவும் போட்டது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலக் குறிப்பையும் பத்திரமாக வைக்க வேண்டும். வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு வைக்க வேண்டும். அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டு. இரண்டில் எது பிந்தி வருகிறதோ அதுவரை. ஏன் இத்தனை வருடம்? நோய் மெதுவாக அல்லவா வருகிறது! தாள் இல்லாவிட்டால், நோய் ஆலையில் வந்தது என்று எப்படிக் காட்டுவது?

நீங்கள் தூசியில் வேலை செய்கிறவரா? மருத்துவச் சோதனை நடந்த தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள். இப்போதுதான் நமக்கு எழுதத் தெரியுமே!