மண்ணைக் கற்கும் மேற்படிப்பு



சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நாம் ஆசிரியப் பணி புரிந்து வருகிறோம். சென்ற பள்ளி விடுமுறையின்போது, முன்பு நம்மிடம் படித்த மாணவி ஒருத்தியின் தாயார் நம்மைத் தேடி வந்தார். அவர் முகத்தில் கவலை தெரிந்தது. "சார், அவள் தாத்தா மரம் சீவினார். அப்பாவும் மரம்தான் சீவினார். நான் வெளிக்காட்டில் புல் வெட்டினேன். இந்தக் காட்டை விட்டு வெளியே போகட்டும் என்றுதான் பிள்ளையைப் படிக்க வைத்தோம். பட்டமும் வாங்கிவிட்டாள். இப்போது மறுபடியும் விவசாயம் படிக்கவேண்டுமாம், அதுவும் வெளிநாட்டில். மண்வெட்டி பிடிக்க எதற்கு சார் வெளிநாட்டுப் படிப்பு?" என்று கேட்டார்.

அந்த மாணவி படிக்க விரும்புவது அனைத்துலக வேளாண்மை வளர்ச்சி என்னும் பட்டமேற்படிப்பு. பெயர் நீளமாக இருப்பதால் அந்த அம்மாவுக்கு அது விளங்கவில்லை. அன்று நம்மாலும் சட்டென்று விளக்கிச் சொல்ல முடியவில்லை. நம் வட்டாரத்தில் இன்னும் பல வீடுகளில் இதே கேள்வி எழக்கூடும். ஆகவே அந்தத் தாய்க்குச் சொல்லவேண்டிய விடையை இன்று உங்கள் எல்லோருக்குமாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் நம் சோற்றுப் பானையைப் பார்ப்போம். மலேசியத் தமிழர் வீடுகள் பலவற்றில் பொன்னி அரிசி பொங்குகிறார்கள். அது தமிழ்நாட்டு அரிசி, காவிரிக் கரை அரிசி என்று பெருமையாகச் சொல்கிறோம். அதன் பிறப்பைத் தேடிப் போனால் வியப்பாக இருக்கும்.

1950ஆம் ஆண்டுகளில் ஆசிய நாடுகளில் உணவுப் பற்றாக்குறை பெரிய அச்சமாக இருந்தது. கிழக்காசிய நெல் உரத்தை ஏற்று நல்ல மகசூல் தரும். ஆனால் நம் வெப்ப நாட்டுக்கு ஒத்துவராது. நம் நாட்டு நெல் வெப்பத்தைத் தாங்கும். உரம் போட்டால் உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும். இரண்டையும் இணைத்துப் பார்க்க, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் இந்தியாவில் ஒரிசா மாநிலத்துக் கட்டக் நகரில் ஒரு திட்டம் நடத்தியது. பல நாடுகள் அதில் பங்குகொண்டன. மலாயாவின் மாயாங் எபோஸ் 80 என்ற நெல்லும் தைவானின் தைச்சுங் 65 என்ற நெல்லும் கலக்கப்பட்டன. அந்தக் கலப்பு விதை மலாயாவுக்கு வந்தது. இங்குள்ள ஆய்வாளர்கள் பல தலைமுறை விதைத்துத் தேர்ந்தெடுத்து, 1965இல் அதை மசூரி என்ற பெயரில் வெளியிட்டார்கள். அந்த மசூரி தமிழ்நாட்டுக்குப் போய்ப் பொன்னி ஆயிற்று. 1986இல் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெள்ளைப் பொன்னியை வெளியிட்டது. மலாயாவிலிருந்து போன நெல், மூட்டையாகத் திரும்பி நம் கடைக்கே வருகிறது!

பாருங்கள் நேயர்களே, ஒரு பிடிச் சோற்றில் மூன்று நாட்டு மண்ணும் பல நாட்டு அறிவும் கலந்திருக்கின்றன. இப்படி ஒரு நாட்டின் பயிரும் அறிவும் இன்னொரு நாட்டுக்குப் போய், அங்குள்ள மக்களுக்குப் பயன்படுவது எப்படி என்று கற்பதே நாம் பேச வந்த படிப்பின் முதற் பகுதி.

அடுத்து நம் பெற்றோருக்குச் சோறு போட்ட ரப்பர் மரத்துக்கு வருவோம். அது நம் நாட்டு மரம் அன்று. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டுத் தப்பாஜோஸ் ஆற்றங்கரைப் பகுதியிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தவை 22 கன்றுகள்தாம். அவற்றில் ஒன்பது நம் மாவட்டத் தலைநகரான கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்றை அங்கே இன்றும் காணலாம்.

ரப்பரின் தாய்வீடு பிரேசில். அப்படியானால் அங்கேதானே பெருந்தோட்டங்கள் செழித்திருக்க வேண்டும்? அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டும் அப்படித்தான் எண்ணினார். 1928இல் அதே தப்பாஜோஸ் ஆற்றங்கரையில் காட்டை அழித்துப் பெரிய ரப்பர்த் தோட்டம் போட்டார். அந்த மண்ணுக்கே உரிய ஒரு பூஞ்சை அங்கே காத்திருந்தது. காட்டில் மரங்கள் தூரத் தூர நிற்கும்வரை அதனால் பெரிய கேடு விளையவில்லை. நிரை நிரையாக நெருக்கி நட்டவுடன் மரத்துக்கு மரம் தாவி இலைகளைக் கருக்கியது. வேலை முறையிலும் வாழ்க்கை முறையிலும் கம்பெனி திணித்த கட்டுப்பாடுகளைத் தொழிலாளர்களும் எதிர்த்தார்கள். 1945இல் ஃபோர்டு கம்பெனி அந்த இடத்தைப் பிரேசில் அரசிடமே திருப்பி விற்றுவிட்டது. அந்த இலைக்கருகல் நோய் ஆசியாவுக்குள் நுழைந்துவிடக் கூடாதே என்று நம் நாட்டு அதிகாரிகள் இன்றும் கவனமாக இருக்கிறார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பணம் இருந்தால் மட்டும் பயிர் வளராது. மண்ணையும் பூச்சியையும் நோயையும் மக்களின் பழக்கத்தையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்களை உருவாக்குவது இந்தப் படிப்பின் இரண்டாம் நோக்கம்.

மூன்றாவதாக ஒரு செய்தி உண்டு. அது நம் வீட்டுச் செய்தி.

ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை வந்த கதை உங்களுக்குத் தெரியும். செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. நம் நாட்டில் 1917இல் சிலாங்கூரிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் அது முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டது. மரத்தைக் கொண்டுவந்தவர்கள் அதன் பூவுக்கு மகரந்தம் சுமக்கும் வண்டைக் கொண்டுவரவில்லை. காற்றே அந்த வேலையைச் செய்துவிடும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். பல இடங்களில் காய் சரியாகப் பிடிக்காததால் மனிதக் கைகளைக் கொண்டு மகரந்தம் தூவினார்கள். நம் தாயார் இளவயதில் செய்த வேலைகளில் அதுவும் ஒன்று. விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும், முகப்பவுடர் போன்ற மாவில் கலந்த மகரந்தத்தை எடுத்துக்கொண்டு, முள் குத்தக் குத்த மரம் மரமாகப் போய்ப் பூக்குலையில் ஊதுவார்கள். எந்தப் பூ இன்று விரியும், எந்தப் பூ நாளை விரியும் என்பதை மணத்தைக் கொண்டே சொல்லிவிடுவோம் என்று தாயார் நம்மிடம் கூறியதுண்டு.

பாகிஸ்தானில் பிறந்த பூச்சியியல் அறிஞர் ஆர். ஏ. சையித் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டுக்குச் சென்று செம்பனைப் பூக்களை ஆராய்ந்தார். மகரந்தத்தைக் கொண்டுசெல்வது ஒரு சிறு வண்டு என்று கண்டார். அது செம்பனையின் ஆண்பூவில் மட்டுமே முட்டையிட்டுப் பெருகும். வேறு பயிரைக் கெடுக்காது. இதைப் பலவாறு சோதித்து உறுதி செய்த பிறகு, 1981இல் அந்த வண்டு மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது. அதன்பின் காய் பிடிப்பது கூடியது. கையால் மகரந்தம் தூவும் வேலை அடியோடு இல்லாமற் போயிற்று.

நாட்டுக்கு அது பெரிய நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்துவந்த பெண்கள் என்ன ஆனார்கள்? நம் தாயாரை மறுபடியும் புல் வெட்ட அனுப்பினார்கள். பூவின் மணத்தைக் கொண்டு நாளைச் சொல்லும் அவருடைய அறிவை யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. மகசூல் கூடிய கணக்கு ஏட்டில் ஏறியது. வேலை இழந்தவர் கணக்கை ஏற்றுவது யார்?

இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் அனைத்துலக வேளாண்மை வளர்ச்சி என்ற படிப்பின் உயிர். புதிய விதை வருகிறது, புதிய இயந்திரம் வருகிறது, புதிய கால்வாய் வெட்டப்படுகிறது என்றால், விளைச்சல் எவ்வளவு கூடும் என்று வேளாண்மை அறிவியல் சொல்லும். அந்த விளைச்சலால் யார் வாழ்வார், யார் வேலை இழப்பார், பெண்களின் சுமை குறையுமா கூடுமா, நிலம் இல்லாதவருக்கு என்ன வழி என்பவற்றையும் சேர்த்துக் கேட்பது வளர்ச்சிப் படிப்பு.

ஆகவே இதில் பாடங்கள் பலவகை. பயிரியல், மண்ணியல், நீர் மேலாண்மை ஆகியவை ஒரு பக்கம். வேளாண்மைப் பொருளாதாரம், சந்தை, கூட்டுறவு, கிராமச் சமூகம் ஆகியவை மறு பக்கம். ஆய்வுக்கூடத்தில் கண்டதை விவசாயிக்கு விளங்கச் சொல்லும் விரிவாக்கக் கல்வியும் உண்டு. புள்ளிவிவரம் கற்கவேண்டும். பல இடங்களில் மாணவர்கள் ஒரு கிராமத்துக்குப் போய்த் தங்கி, மக்களோடு பேசி, ஆய்வேடு எழுதவேண்டியிருக்கும். முதுநிலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் ஓராண்டு முதல் ஈராண்டு வரை ஆகும். முனைவர் பட்டத்துக்கு மூன்றாண்டும் அதற்கு மேலும் ஆகலாம்.

இதைக் கற்க எங்கே போகவேண்டும்? தொலைவு போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் நாட்டில் சிலாங்கூர், செர்டாங்கில் 1931இல் ஒரு விவசாயப் பள்ளி தொடங்கியது. அது கல்லூரியாகி, 1971இல் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகமாகி, 1997 முதல் புத்ரா பல்கலைக்கழகம் என்று வழங்குகிறது. வேளாண்மையின் பல துறைகளில் அங்கே முதுநிலைப் படிப்பு உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டு லோஸ் பானோசில் 1909 முதல் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது; 1960இல் அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையமும் அங்கே அமைந்தது. தென்கிழக்காசியக் கல்வி அமைச்சர்களின் அமைப்பு 1966இல் அங்கே நிறுவிய வேளாண்மை மேற்படிப்பு நடுவம், இவ்வட்டார நாடுகளின் மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் வழங்கி வந்திருக்கிறது. மேலை நாடுகளில் நெதர்லாந்தின் வாகனிங்கன், இங்கிலாந்தின் ரெடிங், அமெரிக்காவின் டேவிஸ் ஆகிய ஊர்ப் பல்கலைக்கழகங்கள் இத்துறையில் பெயர்பெற்றவை.

இந்தப் பாதையில் நடந்த தமிழர் ஒருவரைச் சொல்லவேண்டும். எம். எஸ். சுவாமிநாதன் 1925இல் கும்பகோணத்தில் பிறந்தவர். தந்தை மருத்துவர். மகனும் மருத்துவம் படிக்கவேண்டும் என்பதே வீட்டார் விருப்பம். 1943இல் வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டது அவர் மனத்தை மாற்றியது. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு டில்லியில் மேற்படிப்பு. காவல்துறை உயர்பதவித் தேர்வில் வெற்றி பெற்றும், யுனெஸ்கோ உபகாரச் சம்பளத்தில் வாகனிங்கனுக்குப் போய் உருளைக்கிழங்கை ஆராயச் சென்றார். 1952இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். இந்தியாவின் பசுமைப் புரட்சிக்குத் துணை நின்ற அவரே, 1982 முதல் 1988 வரை லோஸ் பானோஸ் நெல் நிலையத்தின் தலைமை இயக்குநராகவும் இருந்தார். 1987இல் உலக உணவுப் பரிசின் முதல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2023இல் மறைந்தார். மண்ணைக் கற்றவர் எந்த நாட்டிலும் மதிக்கப்படுவார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி மாணவர்களுக்குச் சில சொற்கள். இடைநிலைப் பள்ளியிலேயே அறிவியலையும் கணிதத்தையும் கைவிடாதீர்கள். ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், டிப்ளோமா என வழிகள் பல உண்டு. எதில் போனாலும் முதற்பட்டத்தில் நல்ல தேர்ச்சி வேண்டும். பொருளியல் படித்தவர்களும் சமூகவியல் படித்தவர்களும்கூட இத்துறைக்குள் வர இடம் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஆங்கிலத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். இடம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உபகாரச் சம்பளம் உண்டா, ஆய்வுக்கு வழிகாட்டுபவர் யார், முன்பு படித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள் என்று மூன்றையும் எழுதிக் கேளுங்கள். படித்து முடித்தவர்கள் அரசுத் துறைகளிலும் ஆய்வு நிலையங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் அனைத்துலக அமைப்புகளிலும் பணியாற்றுகிறார்கள். பட்டம் வாங்கிய மறுநாளே வேலை காத்திருக்கும் என்று நாம் சொல்லமாட்டோம். ஓராண்டு ஈராண்டு பொறுத்திருக்க நேரலாம். அதையும் வீட்டில் முன்னதாகவே பேசிக்கொள்வது நல்லது.

அந்தத் தாயின் கேள்விக்கு மீண்டும் வருவோம். காட்டை விட்டு வெளியே போகத்தானே படிக்க வைத்தோம் என்றார். அவர் சொன்னது நியாயம். நம்மவர்களுக்கு மண் என்றால் பிறருடைய மண். காட்டை உண்டாக்கியவர்கள் நாம்; என்ன நடுவது, எப்போது வெட்டுவது, எப்போது விற்பது என்று முடிவு செய்தவர்கள் வேறு. தோட்டம் கைமாறும்போது கடைசியாகத் தெரிந்துகொண்டவர்களும் நாம்தாம். இந்த நிலையை மாற்ற முயன்றவர் நம் சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டித் தோட்டங்களை வாங்கி அவர்களைப் பங்குதாரர் ஆக்கினார். பால் வாளி தூக்கியவர் தோட்டத்தில் பங்கும் உடையவர் ஆகலாம் என்று அது காட்டிற்று.

அம்மா, உங்கள் மகள் மண்வெட்டி பிடிக்கப் போகவில்லை. நாளை ஒரு புதிய வண்டோ புதிய இயந்திரமோ ஏதாவது ஒரு நாட்டுத் தோட்டத்துக்கு வரும்போது, அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு என்ன வழி என்று கேட்கும் இடத்தில் உட்காரப் போகிறாள். அந்தக் கேள்வி நூலில் படித்தவருக்குப் பாடம். உங்கள் மகளுக்கோ வீட்டில் கண்டது. புறப்படுவதற்கு முன் ஒருநாள் அவளை உங்கள் அருகில் உட்கார வைத்து, நீங்கள் வெளிக்காட்டில் கற்றதையெல்லாம் சொல்லுங்கள். அவள் எழுதிக்கொள்ளட்டும். மேற்படிப்பின் முதற் பாடம் அதுவாகவே இருக்கட்டும்.