எக்கோ ரிப்போர்ட்டில் ஒரு வரி

பொத்தேரி ஸ்டேஷனில் மின்சார ரயில் நின்றால் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் பிள்ளைகள். பரீட்சை நெருக்கத்தில், தூக்கம் கெட்ட நாட்களில், இடது மார்பில் ‘சுருக்’கென்று குத்துகிறது என்று இந்த வயதினர் ஆஸ்பத்திரிக்கு வருவது எங்கும் நடப்பதுதான். ஈசிஜி சரியாக இருக்கும். எக்கோவில் மட்டும் ‘மைட்ரல் வால்வு ப்ரொலாப்ஸ்’ என்று ஒரு வரி வரும். வீடே கலங்கிப்போகும். பெண்பிள்ளை என்றால் கவலை கல்யாணப் பேச்சுவரை போகும்.

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது மைட்ரல் வால்வு. அதன் இரண்டு மெல்லிய இதழ்களை நூல் போன்ற நாண்கள் கீழறைத் தசையோடு பிடித்திருக்கின்றன. இதழ் தடித்தோ நாண் நீண்டோ போனால், இதயம் சுருங்கும்போது இதழ் மேலறைப் பக்கம் புடைக்கும். இதுதான் ப்ரொலாப்ஸ். ஸ்டெதஸ்கோப்பில் ‘டிக்’ என்று கேட்கும். நோயாளியை எழுந்து நிற்கச் சொன்னால் அந்த ஒலி இன்னும் முன்னதாக வரும். இதயத்துக்கு வெளியே பிறப்பதாக நெடுங்காலம் நம்பப்பட்ட ஒலி அது. வால்வில்தான் பிறக்கிறது என்று 1963-ல் காட்டியவர் ஜோகன்னஸ்பர்க் மருத்துவர் ஜான் பார்லோ.

சரி, நெஞ்சு வலிக்கு இதுதானா காரணம்? அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊர்மக்களிடம் நடந்த ஆய்வு 1999-ல் வெளியானது. 2.4 சதவீதம் பேருக்கு இந்த வால்வு மாற்றம் இருந்தது. ஆனால் நெஞ்சு வலி மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகமாக இல்லை. அதற்காக வலி பொய் என்று பிள்ளையை விரட்டுவது கொடுமை. விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தை விரலால் அழுத்தினால் அதே வலி வருகிறதா, சாப்பிட்டபின் எரிகிறதா, பதற்றத்தில் படபடக்கிறதா என்று பொறுமையாகக் கேட்க வேண்டும்.

நான் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு. ‘எனக்குப் பழைய வால்வு வலிதான்’ என்று, சர்க்கரை உள்ள ஐம்பது வயதுக்காரர் வீட்டில் படுத்துவிடுவது. நெஞ்சை அழுத்தி, வியர்த்து, கையிலோ தாடையிலோ வலி பரவினால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இருக்கின்றன.

எக்கோ எடுத்தவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது, ரத்தம் பின்னோக்கி எவ்வளவு கசிகிறது என்பதை. கசிவு அதிகமானாலோ, மயக்கம் வந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருந்தாலோ இதய மருத்துவரின் கண்காணிப்பு தேவை. கசிவே இல்லை, அல்லது லேசானது என்றால் பெரும்பாலும் பிள்ளை தாராளமாக விளையாடலாம். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு எக்கோ போதும்.