வருமுன் காக்கும் வன்தட்டு

இன்று ஒரு குடும்பத்தின் நினைவுகளுள் பெரும்பகுதி வீட்டுக் கணினியில்தான் அடங்கியுள்ளது. தாத்தாவின் அறுபதாம் கலியாணப் படங்கள், மறைந்த பாட்டியின் குரல்பதிவு, பிள்ளைகளின் பள்ளி இடுபணிகள், வீட்டுப் பத்திரங்களின் நகல்கள் என அனைத்தும் அதில் இருக்கின்றன. கணினி பழுதடைந்தால் வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். பாட்டியின் குரலை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. எனவே, முக்கியக் கோப்புகளைப் படியெடுத்துத் தனியே சேமித்து வைப்பது அவசியமாகிறது. இவ்வாறு எடுக்கப்படும் படியைக் ‘காப்புநகல்’ என்பர். இதற்குப் பலரும் பயன்படுத்தும் கருவி வெளிப்புற வன்தட்டு ஆகும்.

உலகின் முதல் வன்தட்டை ஐபிஎம் நிறுவனம் 1956ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்டிருந்த அதன் கொள்ளளவு ஏறத்தாழ 5 மெகாபைட் மட்டுமே. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒன்றிரண்டு படங்களிலேயே அது நிரம்பிவிடும். இப்போதைய வன்தட்டோ உள்ளங்கையில் அடங்கும்; அதில் பல்லாயிரம் படங்களைச் சேமிக்கலாம். எனினும், அடிப்படை இயக்கம் மாறவில்லை. பெட்டிக்குள் காந்தப் பூச்சுடைய தட்டுகள் சுழல்கின்றன. பல வன்தட்டுகளில் அவை நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். தட்டைத் தொடாமல், அதற்கு மிக நெருக்கமாக நகரும் ஒரு நுண்ணிய முனை தரவுகளைப் பதிவு செய்கிறது, படிக்கவும் செய்கிறது. ஆகவே, இயங்கிக்கொண்டிருக்கும் வன்தட்டு கீழே விழுந்தால், முனை தட்டைக் கீறித் தரவுகளை அழித்துவிடக்கூடும்.

சுழலும் பாகம் எதுவுமில்லாத திடநிலைச் சேமிப்பகங்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவை வேகமானவை, அதிர்வையும் நன்கு தாங்குபவை. ஆனால், அதே கொள்ளளவுக்கு அவற்றின் விலை அதிகம். மேலும், மின்னிணைப்பின்றி நெடுங்காலம் கிடந்தால் அவற்றில் உள்ள தரவுகள் சிதைய வாய்ப்புண்டு. அடிக்கடி வெளியே எடுத்துச் செல்பவருக்குத் திடநிலைச் சேமிப்பகம் ஏற்றது. வீட்டு அலமாரியில் வைத்து, மாதந்தோறும் எடுத்துப் பயன்படுத்துபவருக்குச் சாதாரண வன்தட்டே போதுமானது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது கொள்ளளவு. கணினியில் இப்போதுள்ள கோப்புகளின் அளவைப் போல் இருமடங்கு கொள்ளளவுள்ள வன்தட்டை வாங்குவது நல்லது. அவ்வாறு செய்தால், இனி சேரப்போகும் கோப்புகளுக்கும் இடமிருக்கும். ஒரு டெராபைட் வன்தட்டை இணைத்ததும் விண்டோஸ் கணினி 931 ஜிகாபைட் என்று காட்டுவதைக் கண்டு சிலர் ஏமாந்துவிட்டதாக எண்ணுவர். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார். கணினியோ 1,024ஆகக் கணக்கிடுகிறது. வேறுபாட்டிற்கு இதுவே காரணம். ஆனால், நம்ப முடியாத அளவு மலிவான விலையில் மிகப் பெரிய கொள்ளளவு தருவதாக இணையத்தில் விற்கப்படுபவை போலியாக இருக்கக்கூடும். அவை கோப்புகளை ஏற்பதுபோல் காட்டிப் பின்னர் இழந்துவிடும்.

இணைப்பு வகையையும் பார்த்து வாங்க வேண்டும். யூஎஸ்பி 2.0 இணைப்பின் உச்ச வேகம் விநாடிக்கு 480 மெகாபிட், யூஎஸ்பி 3.0 இணைப்பில் அது 5 ஜிகாபிட். வீட்டில் விண்டோஸ் கணினியும் மேக் கணினியும் இருந்தால், இரண்டும் எழுதவும் படிக்கவும் கூடிய ‘எக்ஸ்ஃபேட்’ வடிவத்தில் வன்தட்டை அமைத்துக்கொள்ளலாம். உத்தரவாதக் காலத்தையும் கேட்டறிய வேண்டும். ஆனால், உத்தரவாதம் வன்தட்டுக்குத்தான். அதிலுள்ள தரவுகளுக்கு அன்று.

எவ்வளவு சிறந்த வன்தட்டாக இருந்தாலும் அது ஒருநாள் பழுதடையும். எனவே, ஒரே வன்தட்டை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. வல்லுநர்கள் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ எனும் விதியைப் பரிந்துரைக்கின்றனர். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இரண்டு வகைச் சேமிப்புகளில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே இருத்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கிள்ளான் பள்ளத்தாக்கைத் தாக்கிய பெருவெள்ளத்தில், ஷா ஆலாம் நகரின் தாமான் ஸ்ரீ மூடாவில் பல வீடுகளின் கீழ்த்தளம் நீரில் மூழ்கியது. அத்தகைய வேளையில், கணினியும் பக்கத்து இழுப்பறையில் இருக்கும் வன்தட்டும் ஒன்றாகவே பாழாகும். உறவினர் வீட்டில் உள்ள இன்னொரு வன்தட்டோ, மேகச் சேமிப்பில் உள்ள படியோதான் அப்போது கைகொடுக்கும்.

படியெடுத்து முடித்ததும் வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைப்பதும் முக்கியம். 2017ஆம் ஆண்டு மே மாதம் உலகெங்கும் பரவிய ‘வான்னகிரை’ எனும் நச்சுநிரல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டியது. இத்தகைய நச்சுநிரல்கள் கணினியோடு இணைந்திருக்கும் வன்தட்டையும் விட்டுவைப்பதில்லை.

காப்புநகல் எடுத்தால் மட்டும் போதாது. அது செயல்படுகிறதா என்று சோதித்தறியவும் வேண்டும். 1998ஆம் ஆண்டில் ‘டாய் ஸ்டோரி 2’ திரைப்படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த பிக்சார் நிறுவனத்தில், தவறான கட்டளை ஒன்றால் படத்தின் கோப்புகளுள் பெரும்பாலானவை அழிந்தன. காப்புநகலைத் தேடியபோது, அதுவும் சரிவரப் பதிவாகவில்லை என்பது தெரியவந்தது. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சஸ்மன் என்பவரின் கணினியில் இருந்த படியே படத்தைக் காப்பாற்றியது. பெரிய நிறுவனத்திற்கே நேர்ந்த இந்நிலை, ஒரு வீட்டுக்கு நேராது என்று சொல்ல முடியாது.

ஆகவே, மாதத்தில் ஒருநாளைக் குறித்துக்கொண்டு குடும்பத்தில் ஒருவர் இப்பணியை ஏற்கலாம். புதிய கோப்புகளைப் படியெடுத்தபின், வன்தட்டிலிருந்தே நான்கைந்து கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். படியெடுத்த தேதியை ஒரு தாளில் எழுதி வன்தட்டின் மீது ஒட்டி வைக்கலாம். அரை மணி நேரத்தில் முடியும் வேலை இது. வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்ன முன்னோர் அறிவுரை, கணினிக்கும் பொருந்தும்.