கோழி மூலிகையை ஏன் புளிக்க வைக்கிறார்கள்?

பூண்டும் மஞ்சளும் அரைத்துக் கோழிக்குக் கொடுப்பது நம் ஊரில் புதிதல்ல. அதை எதற்குப் புளிக்கவும் வைக்க வேண்டும்?

தாவரங்களின் மருந்துப் பொருள்கள் பலவும் சர்க்கரையோடு பிணைந்தே இருக்கின்றன. அந்தப் பிணைப்போடு குடல்சுவரைத் தாண்டுவது கடினம். கோழிக்கோ அவகாசம் குறைவு. தின்றது சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். புளிக்கும்போது லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்களின் நொதிகள் அந்தச் சர்க்கரையை முன்கூட்டியே வெட்டிவிடுகின்றன. இட்லி மாவு கதைதான்: செரிமானத்தில் ஒரு பங்கு பாத்திரத்திலேயே முடிந்துவிடுகிறது.

கூடவே லாக்டிக் அமிலம் சுரந்து, கலவையின் பி.எச். 4-ஐ ஒட்டி இறங்கும். சால்மோனெல்லா, ஈ.கோலை போன்றவை அங்கே தழைப்பதில்லை. லாக்டோபேசில்லஸோ கோழியின் தீனிப்பையில் ஏற்கெனவே குடியிருக்கும் இனம். அதற்கு அது சொந்த வீடு. கெட்ட கிருமிகள் ஒடுங்கினால் குடலுறிஞ்சிகள் சிதையாமல் நீண்டு வளரும், சத்தை உறிஞ்சும் பரப்பு கூடும்.

புளித்த மூலிகை மீதான ஆர்வத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லும் தென்கொரியா 2011-லும் நிறுத்தின. அதற்காக, புளித்த மூலிகையை ஆன்டிபயாடிக்குக்கு நேர் மாற்று என்று சொல்ல எனக்கு மனமில்லை. மூலிகையும் பாக்டீரியாவும் மாறினால் பலனும் மாறும். காற்றுப் புகுந்து பூஞ்சை பிடித்த கலவையைக் கொட்டிவிடுங்கள். பூஞ்சை நஞ்சு கோழியின் கல்லீரலைக் கெடுக்கும்.