பெருவிரலுக்கு எட்டும் பொத்தான்

ஒரு கையால் மட்டும் புத்தகமொன்றைப் பிடித்து வாசித்துப் பாருங்கள். பிடிப்பது பெரிய காரியமில்லை. பக்கம் புரட்டும்போதுதான் சங்கடம். மேசையில் வைத்தால் தாள் எழும்பி மூடிக்கொள்ளும். முழங்கையால் அழுத்தினால் எழுத்து மறையும். காயத்தாலோ நோயாலோ ஒரு கை வழங்காமற்போன சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்கும் தாய்மாருக்கும் தெரியும்.

மின்னூல் வாசிக்கவென்றே உள்ள கையடக்கக் கருவிகள் இந்தச் சிரமத்தைக் குறைக்கக்கூடியவை. ஆனால் எல்லாக் கருவியும் அல்ல. பக்கம் புரட்டும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அமேசன் நிறுவனம் 2007 இல் வெளியிட்ட முதலாவது கின்டிலில் இரு ஓரங்களிலும் நீளமான பொத்தான்கள் இருந்தன. நல்ல எண்ணந்தான். ஆனால் ஓரமெல்லாம் பொத்தான் என்றால் பிடிப்பது எங்கே? கையில் எடுக்கும்போதே பக்கம் புரண்டுவிடுகிறதென்று பலர் குறைகூறினர். 2009 இல் வந்த இரண்டாவது கின்டிலில் பொத்தான்களைச் சிறிதாக்கி, திரைப்பக்கமாக அழுத்தினால் மட்டும் இயங்கும்படி மாற்றினார்கள்.

கருவியைத் தாங்கும் அதே பெருவிரல்தான் பொத்தானையும் அழுத்த வேண்டும். அது நீண்டு எட்ட வேண்டியிருந்தால் பிடி தளரும். பார்வை குறைந்தவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வாசிப்பார்கள். அப்போது ஒரு பக்கம் மூன்று நான்கு பக்கமாகும். அத்தனை தடவையும் விரலை நீட்டினால் பெருவிரலின் அடியும் மணிக்கட்டும் உளையத் தொடங்கும்.

2016 இல் வந்த கின்டில் ஒயாசிஸ் இதற்கு நல்ல வழி கண்டது. ஒரு பக்கம் மட்டும் தடிப்பு. பாரம் உள்ளங்கையில் நிற்கும். பொத்தான்கள் பெருவிரலின் கீழேயே இருக்கும். தலைகீழாகத் திருப்பினால் எழுத்தும் திரும்பும். எனவே இடக்கையாலும் வாசிக்கலாம். உறையில்லாமல் 131 கிராம்தான். ஆனால் 2024 உடன் அந்த வகையை நிறுத்திவிட்டார்கள், அது எனக்குப் பெருங்குறை. அதே ஆண்டு வந்த கோபோ லிப்ரா கலர் இதே அமைப்பில், ஏறத்தாழ 200 கிராம் நிறையுடன் உள்ளது.

பொத்தானே இல்லாமல் தொடுதிரை மட்டும் உள்ளவை பல. விரற்தோல் மின்னைக் கடத்துவதை உணர்ந்தே இன்றைய தொடுதிரைகள் பெரும்பாலும் வேலை செய்கின்றன. பிளாஸ்ரிக்கில் செய்த செயற்கை விரலை அவை அறியமாட்டா. தடிப்பாகக் கட்டுப்போட்ட விரலையும் அறியமாட்டா. பொத்தானுக்கு இந்தப் பேதம் கிடையாது. விரல் மொளியாலும் அழுத்தலாம், செயற்கைக் கையாலும் அழுத்தலாம்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் யாராவது ஒன்று வாங்கி அனுப்புவதாகச் சொன்னால், முதலில் பொத்தான் உள்ளதா, எந்தக் கையாலும் பிடிக்கலாமா, தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா என்று கேளுங்கள். முடிந்தால் அவர்களையே ஒரு கையால் பிடித்து, படுத்தபடி இருபது பக்கம் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.