கண்ணாடிக் கடை மட்டும் போதாது
 பார்வை மங்கினால் பலர் கண்ணாடிக் கடையோடு நின்றுவிடுகிறோம். கிட்டப்பார்வைக்கு அது சரி. விழிக்கோளம் நீண்டு, பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுகிறது. லென்ஸ் அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆனால் கண்மணியில் தெரியும் மாற்றத்துக்கு லென்ஸ் மருந்தல்ல. ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால், அது விழித்திரைப் புற்றாகவோ கண்புரையாகவோ இருக்கலாம். பெரியவருக்கு ஒரு கண்மணி திடீரென விரிந்து, இமை தொங்கி, தலையும் வலித்தால் மூளை இரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம்; உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில் இல்லாதது பலருக்கு இயல்புதானே என்று கேட்கலாம். உண்மைதான், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அப்படி. ஆனால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் 1 மில்லிமீட்டரைத் தாண்டாது. வெளிச்சம் பட்டால் இரண்டும் ஒன்றுபோலவே சுருங்கும். பழைய படங்களோடு ஒப்பிட்டாலே இது நெடுநாள் இயல்பா, புதிதாக வந்ததா என்று தெரிந்துவிடும்.