பழைய ஸ்பிளெண்டருக்கு எந்த டயர்?

யாழ்ப்பாணத்தில் சிறு வியாபாரிக்கு மோட்டார் சைக்கிள்தான் லொறி. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. புதியதன் விலையைக் கேட்டால் பழையதே போதும் என்றாகிவிடுகிறது. நானும் பழைய ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டரில்தான் சுன்னாகம் சந்தைக்குப் போய் வருகிறேன்.

இந்த வண்டிக்கு முன், பின் இரண்டு சில்லுக்கும் 2.75-18 அளவுதான். சிக்கலே இங்குதான். "சைஸ் ஒன்றுதானே" என்று முன் டயரையே பின்னுக்கும் போடச் சொல்வார்கள், விலை குறைவு என்று. அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 42 என்றால் 150 கிலோ தாங்கும். 48 என்றால் 180 கிலோ. பின்னுக்கு 48தான் வேண்டும். ஆளோடு அரிசி மூட்டையும் ஏறும் வண்டியில் அந்த 30 கிலோ சின்ன விஷயமல்ல.

அடுத்தது வயது. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. வெயில் படும் கடை முகப்பில் வருடக்கணக்கில் தொங்கிய டயர், பூ தேயாவிட்டாலும் றப்பர் இறுகி வெடித்திருக்கும். பெரிய பெயருள்ள பழைய சரக்கைவிட, களனியில் செய்யும் சியெட் போன்ற உள்நாட்டுப் புதுச் சரக்கையே நான் எடுப்பேன்.

காசு போதாவிட்டால் பின் டயரை முதலில் மாற்றுங்கள்; பாரமும் இழுவையும் அதற்குத்தான். பழைய டியூப்பைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். பாரம் ஏற்றும் நாளில் பின் சில்லுக்குக் காற்றுக் கூட வேண்டும். எவ்வளவு என்று வண்டிப் புத்தகத்தில் இருக்கிறது.